மாமாவைத் திரும்பவும் மறித்த கதை

1

கொழும்பில் இருக்கும் என் தங்கையின் மகள் வித்யா ஆங்கிலச் சோதனைக்குப் படிக்கிறாள். போன கிழமை அவளிடமிருந்து கடிதம் வந்தது. சுகம் விசாரிப்பு இரண்டு வரி. மிச்சமெல்லாம் கேள்வி. "பெரியம்மா, ரீஅட்மிட் என்ற வினைச்சொல்லுக்கு என்ன கருத்து? அதை எப்படி வசனத்தில் அமைப்பது? நீங்கள் ஆஸ்பத்திரியில்தானே வேலை, உங்களுக்குத் தெரியும்தானே."

ஆஸ்பத்திரியில்தான் வேலை, உண்மை. ஊரில் இன்னும் சிலர் நான் டொக்டர் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா அப்படிப் பரப்பி வைத்திருந்தார், நானும் மறுக்கப் போகவில்லை. கிழக்கு லண்டனில் ஒரு ஆஸ்பத்திரியில், எலும்பு முறிவு வார்ட்டில் நான் கிளார்க். வருகிறவர்களின் பெயரைப் பதிவது, போகிறவர்களின் பெயரை எடுப்பது, ரெலிபோனுக்குப் பதில் சொல்வது, தொலைந்த பைலைத் தேடுவது. எண்பத்து நாலில் இங்கே வந்து, மூன்று வருடம் வேறு வேலைகளில் உத்தரித்த பிறகு கிடைத்த கதிரை. அதில் இருந்துகொண்டு வித்யா கேட்ட அந்தச் சொல்லைத் தினமும் எழுதுகிறேன்.

அவளுக்கு ஒழுங்காகத்தான் பதில் எழுதினேன். துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளியை அதே வருத்தத்துக்காக மறுபடி வார்ட்டில் சேர்ப்பது என்பது கருத்து. யாரைச் சேர்த்தார்கள் என்று சொல்லியே ஆகவேண்டும், ஆகவே செயப்படுபொருள் குன்றாவினை. இறந்தகாலத்தில் கடைசி எழுத்தை இரட்டிக்க மறக்காதே, அதில்தான் புள்ளி வெட்டுவார்கள். பெரும்பாலும் செயப்பாட்டு வினையாகத்தான் வரும். உதாரணத்துக்கு ஒரு வசனம்: அந்த முதியவர் செவ்வாய்க்கிழமை திரும்பவும் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்.

அதை எழுதி முடித்த கையோடு எனக்குக் கண் கலங்கிவிட்டது. சும்மா ஒரு உதாரணம் என்று எழுதப்போய் மாமாவை எழுதியிருக்கிறேன். சோதனைத் தாளில் அவ்வளவுதான் கொள்ளும். மிச்சத்தை இங்கே எழுதுகிறேன்.

2

மாமா என்பது என் கணவரின் தகப்பனார். ஊரில் தபாலதிபராக இருந்து இளைப்பாறியவர். வெளிநாட்டுக் கடிதம் வந்தால் பியோனிடம் கொடுக்காமல் தானே சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்து, வாசித்தும் காட்டிவிட்டு வருவாராம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரை "ஐயா" என்று கூப்பிடாத ஆளில்லை. மாமி போன பிறகு, எண்பத்தொன்பது கடைசியில், வால்தம்ஸ்டோவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்த அன்றிலிருந்து அவரை ஐயா என்று கூப்பிட ஒருவரும் இல்லை. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி "ஹலோ டார்லிங்" என்பாள். அவர் கூச்சப்பட்டு உள்ளே வந்துவிடுவார்.

எங்கள் மகள் அபிக்கு அப்போது பதினாலு வயது. அப்பப்பாவில் பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பாசத்தைச் சொல்வதற்கு அவளிடம் தமிழ் இல்லை, அவரிடம் அவள் பேசும் வேகத்துக்கு ஆங்கிலம் இல்லை. "படிக்கிறியே பிள்ளை?" என்பார். "ஓம் அப்பப்பா" என்றுவிட்டுப் படியேறுவாள். இரவு படுக்கப் போகும்போது "சாப்பிட்டியே பிள்ளை?" அதற்கும் ஓம். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த ஒரு சொல்லுத்தான் போய்வந்துகொண்டிருந்தது.

அடுத்த குளிர்காலத்தில் மாமாவுக்கு மூச்சு முட்டத் தொடங்கியது. கால் வீங்கி, செருப்புப் போட முடியாமல் போனது. படுத்தால் இளைப்பு, எழும்பி இருந்தால் கொஞ்சம் சுகம். நான் வேலை செய்யும் ஆஸ்பத்திரியிலேயே மறித்தார்கள், அதாவது வார்ட்டில் சேர்த்து வைத்துக்கொண்டார்கள். இருதயம் பலவீனம், இரத்தத்தை முழுதாய் வெளியே தள்ள வலுவில்லை, அதனால் உடம்பில் தண்ணீர் தேங்குகிறது என்றார்கள். ஊசி போட்டு, தண்ணீரை இறக்கி, பத்து நாளில் துண்டு வெட்டினார்கள். உப்புக் குறைக்க வேண்டும். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடிக்கலாம் என்று அளவு. தண்ணீரை வெளியேற்றக் காலமையில் விழுங்க ஒரு குளிசை.

செய்தி பரவியது. ஸ்ட்ரெதத்தில் இருந்து, சட்டனில் இருந்து, லண்டன் முழுவதிலும் இருந்து எங்கள் ஊர்ச்சனம் சுகம் பார்க்க வரத் தொடங்கியது. கிழமை நாட்களில் எல்லாருக்கும் வேலை, ஆகவே சனி ஞாயிறுதான் வரவு. கையில் ஹோர்லிக்ஸ் போத்தல், முந்திரிகைப்பழம், தோடம்பழம். எங்கள் அலமாரியில் ஹோர்லிக்ஸ் போத்தல்கள் கடை பரப்பின மாதிரி நின்றன.

மாமாவைப் பார்க்க வேண்டுமே! சனிக்கிழமை விடிந்தால் சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, விபூதி பூசி, ஹோலில் பெரிய கதிரையில் வந்து இருப்பார். வருகிறவர்கள் "ஐயா" என்று தொடங்குவார்கள். யாருடைய தகப்பன் யாருக்கு என்ன கடிதம் போட்டது, எந்த வருடத்துப் புயலுக்குத் தபால்கந்தோர்க் கூரை போனது, எல்லாம் வரும். வருத்தக்காரரைப் பார்க்க வந்த சனம் சிரித்துவிட்டுப் போகும். நானும் குசினிக்குள் நின்று தேத்தண்ணி ஊற்றி ஊற்றி அனுப்பினேன். மனுசன் இப்படிச் சிரிக்கிறாரே, வருத்தம் மாறிவிட்டது என்றுதான் நினைத்தேன்.

3

ஒரு மாதத்துக்குள் திரும்பவும் கால் வீங்கியது. செவ்வாய்க்கிழமை அம்புலன்ஸ்.

அவசரப் பிரிவில் பதிவு செய்த பிள்ளை கம்பியூட்டரைப் பார்த்துவிட்டு, இவர் இங்கே முன்னம் வந்ததே இல்லை என்றாள். வந்தவர் என்றேன். இல்லை என்றாள். பிறகுதான் விளங்கியது. மாமாவின் பெயர் சிவகுரு, தகப்பன் பெயர் கந்தையா. முதல் தரம் கந்தையா என்ற குடும்பப் பெயரில் பதிந்திருக்கிறார்கள். இந்தத் தரம் சிவகுருவைக் குடும்பப் பெயராக்கிவிட்டார்கள். ஒரே மனுசன், இரண்டு பைல். நானே அந்தக் கட்டடத்தில் கிளார்க் வேலை பார்த்துக்கொண்டு என் மாமாவை ஒரு ஆளாக்க மூன்று நாள் அலைந்தேன். அந்த மூன்று நாளும், ஆஸ்பத்திரிக் கணக்கில், அவர் ரீஅட்மிட் ஆகவில்லை. புதிதாக வந்த வேறொரு கிழவர்.

பைலைச் சேர்த்த அன்று அதில் அந்த வசனத்தை என் கையாலேயே எழுதினேன். எத்தனையோ பேருக்கு எழுதிய வசனம், அன்றுதான் நின்று பார்த்தேன். இன்னார் திரும்பவும் சேர்க்கப்பட்டார். யார் சேர்த்தது? அது வசனத்தில் இல்லை. எழுவாய் இருக்க வேண்டிய இடத்தில் நோயாளி இருக்கிறார், ஆனால் அவர் ஒன்றும் செய்யவில்லை, அவருக்குச் செய்யப்பட்டது. ஆங்கிலத்துக்கு இது வலு வசதி. ஒருவர் மேலும் பழி விழாது.

எங்கள் பேச்சில் அப்படிச் சொல்ல வராது. "திரும்பவும் மறிச்சுப் போட்டாங்கள்" என்போம். மாட்டை மறிப்பதும் வாகனத்தை மறிப்பதும் இதே சொல்தான். வீட்டுக்கு வெளிக்கிட்ட மனுசனை இடைவழியில் யாரோ பிடித்து நிறுத்திவிட்டார்கள் என்கிற ஆத்திரம் அதில் இருக்கும். அந்த "ஆங்கள்" யார் என்று கேட்டால் டொக்டர்மார் என்று கையைக் காட்டுவோம். என் கணவரும் அன்றைக்கு அப்படித்தான் ஏசினார். "அரைகுறையாப் பார்த்து அனுப்பிப்போட்டு, இப்ப திரும்ப மறிக்கிறாங்கள்" என்றார். நானும் தலையாட்டினேன்.

இந்தத் தரமும் தண்ணீரை இறக்கினார்கள். துண்டு வெட்டினார்கள். திரும்பவும் மறித்துத் திரும்பவும் விட்ட மனுசன் என்றபடியால் சனம் இன்னும் கூடுதலாக வந்தது.

4

மூன்றாம் தரம் மறித்தபோது, அந்த வார்ட்டின் சிஸ்டர் என்னைக் கூப்பிட்டாள். ஜமேக்காக்காரி, பெரிய உடம்பு, பெரிய குரல், ஒளித்து மறைத்துப் பேசத் தெரியாதவள். "உன் மாமனார் ஒவ்வொரு தடவையும் திங்கள் அல்லது செவ்வாய்தான் வருகிறார். உங்கள் வீட்டில் சனி ஞாயிறு என்ன நடக்கிறது?" என்று கேட்டாள்.

எனக்குச் சுருக்கென்றது. கவனிக்காமல் விட்டுவிட்டோம் என்று சொல்கிறாளா? உப்பில்லாமல் தனிக் கறி சமைத்து, குளிசைப் பெட்டியைக் கட்டில் பக்கத்தில் வைத்து, இதற்குமேல் என்ன செய்வது? சிஸ்டர் அதைக் கவனிக்காமல் மாமாவின் பக்கம் திரும்பி, குளிசை ஒழுங்காகப் போடுகிறீர்களா என்று கேட்டாள். "யெஸ் சிஸ்டர், தாங்க் யூ சிஸ்டர்" என்றார் மாமா. அவர் எதற்கும் அதைத்தான் சொல்வார். வெள்ளைச் சட்டை போட்டவருக்கு இல்லை என்று சொல்வது மரியாதையில்லை என்பது அவர் எண்ணம்.

சிஸ்டர் அங்கால் போனதும் நான் கட்டிலுக்குக் கிட்டப் போனேன்.

"மாமா, உண்மையைச் சொல்லுங்கோ. குளிசை போடுறனீங்களோ?"

"போடுறனான் பிள்ளை." போர்வையை இழுத்துச் சரிசெய்துவிட்டு, "சனி ஞாயிறு போடுறேல்லை."

"ஏன்?"

"அதைப் போட்டா ஒண்டுக்கு ஓடி ஓடித் திரிய வேணுமெல்லே. ரெண்டு பஸ் மாறி வந்த மனுசரை இருத்திப்போட்டு நான் எழும்பி எழும்பிப் போறதே? என்ன நினைப்பினம்?"

எங்கள் வீட்டில் ரொய்லெற் மேல்மாடியில். படி ஹோலுக்குள்ளேயே தொடங்குகிறது. வந்த சனத்தின் முன்னால் வேட்டியைப் பிடித்துக்கொண்டு ஏறவும் வேண்டும், இறங்கவும் வேண்டும்.

"அப்ப தேத்தண்ணி? நான் உங்களுக்குச் சின்னக் கோப்பையிலதானே தாறன்."

"அது முதல் வந்த ஆக்களோட ஒண்டுதானே. அடுத்த ஆக்கள் வரேக்க அவையோட ஒண்டு. நான் குடியாமல் இருந்தா அவையும் வேண்டாமெண்டு வைச்சிடுவினம். வந்த சனத்தைப் பச்சைவாயோட அனுப்புறதே, பிள்ளை?"

ஒரு நாளைக்கு எத்தனை குடும்பம் வந்தது என்று நினைத்துப் பார்த்தேன். அத்தனை கோப்பையும் என் கையால் ஊற்றியதுதான். குளிசை இல்லை, குடித்த தண்ணீர் போக வழியில்லை. அன்புக்கு வந்த சனமும், ஆசையாக உபசரித்த வீடும், மரியாதை பார்த்த மனுசனும் சேர்ந்துதான் அவரை மறித்திருக்கிறோம். டொக்டர்மார் செய்ததெல்லாம் கதவைத் திறந்து விட்டதுதான்.

சிஸ்டருக்கு மொழிபெயர்த்துச் சொன்னேன். சிரிப்பாள் என்று பயந்தேன். அவள் சிரிக்கவில்லை. கட்டில் விளிம்பில் பொத்தென்று இருந்து, "என் அம்மாவும் இப்படித்தான் இருப்பாள்" என்றாள். விடியவே குளிசையைப் போடச் சொன்னாள். மத்தியானத்துக்குள் எல்லாம் போய்விடும், அதற்குப் பிறகு ஆட்கள் வரட்டும். ஆனால் தேத்தண்ணி கூடாது, அதில் ஒரு விட்டுக்கொடுப்பும் இல்லை. வெளியே வரும்போது இளம் டொக்டர் என்னை நிறுத்தி, இன்னொரு தரம் இப்படித் தண்ணீர் கோத்தால் இருதயம் தாங்கும் என்று சொல்ல முடியாது என்றார். அதை அவர் இரக்கமாகத்தான் சொன்னார்.

5

குளிசைப் பிரச்சினை லேசாகத் தீர்ந்தது. நான் வேலைக்கு வெளிக்கிட முன்னம் என் கையால் கொடுத்து, விழுங்கும் வரைக்கும் நின்று பார்ப்பேன். தேத்தண்ணிதான் பெரும் பாடாகிவிட்டது.

"ஆக்களுக்குத் தேத்தண்ணி இல்லையெண்டு என்னெண்டப்பா சொல்லுறது?" என்றார் கணவர். "நீர் சொல்லும். எனக்கு ஏலாது." தகப்பனுக்குப் பிள்ளை, அதே மரியாதை.

நான்தான் ஒவ்வொருவராக ரெலிபோன் எடுத்தேன். "மாமாவுக்குத் தண்ணிக் கட்டுப்பாடு. நீங்கள் கட்டாயம் வாங்கோ. ஆனா ஒண்டும் தரமாட்டன், குறை நினைக்காதேங்கோ" என்று சொன்னேன். எவ்வளவு பதமாகச் சொன்னாலும் அது எங்கள் காதில் எப்படி விழும் என்று எனக்குத் தெரியாதா? வராதேங்கோ என்றுதான் விழும். இரண்டு கிழமைக்குள் சட்டனில் இருந்து கதை சுற்றி வந்தது. அந்த வீட்டில் பச்சைத்தண்ணியும் இல்லையாம், மருமகள் சரியான வில்லங்கமாம். கேட்டுப் பத்தி எரிந்தது. உடம்பைப் பார்ப்பதா பேரைப் பார்ப்பதா என்று யோசித்து, பேர் போனால் போகட்டும் என்று விட்டேன்.

மிச்சம் மீதியாக விசாரித்தவர்களை அபி முடித்து வைத்தாள். ரெலிபோன் அடித்தால் முதலில் எடுப்பது அவள்தான். "அப்பப்பா எப்பிடி இருக்கிறார்?" என்று கேட்பார்கள். "ஹீ இஸ் ஃபைன், அன்ரி" என்பாள். சுகமாக இருக்கிறவரைச் சுகம் பார்க்க யார் வருவார்கள்? இரண்டு பஸ் மாறி வர எங்கள் சனத்துக்கு ஒரு சாட்டு வேண்டும். வருத்தம் ஒரு சாட்டு, கலியாணம் ஒரு சாட்டு, செத்தவீடு ஒரு சாட்டு. சும்மா வந்து கதைத்துவிட்டுப் போக இந்த ஊரில் ஒருவருக்கும் நேரமில்லை. எனக்கும் இல்லை. நான் யாருடைய வீட்டுக்குச் சும்மா போனேன்?

"ஏன் எல்லாருக்கும் ஃபைன் எண்டு சொல்லுறாய்?" என்று அபியிடம் கேட்டேன்.

"பட் ஹீ இஸ் ஃபைன், அம்மா. வேற என்ன சொல்லுறது?"

அவள் சொன்னதில் பிழையில்லை. மாமாவின் கால் வற்றி, பழைய செருப்புத் தளர்ந்துவிட்டது. கிளினிக் டொக்டர் கை குலுக்கி அனுப்பினார். மிச்சக் குளிர்காலம் முழுவதும் மறிக்கவில்லை. என் வேலையிடத்துக் கணக்குப்படி பார்த்தால் இதுதான் வெற்றி.

ஆனால் சனிக்கிழமையில் வேட்டி கட்டுவதை மாமா விட்டுவிட்டார். கொஞ்ச நாள் வாசல் மணி அடித்தால் நிமிர்ந்து இருந்து பார்ப்பார். பால்காரன், பேப்பர்க் காசுக்காரன். பிறகு நிமிர்வதும் நின்றுவிட்டது. ஹோலுக்கு வராமல் தன் அறையிலேயே சாப்பாட்டைக் கேட்டார். கதை மெல்ல மெல்லக் குறைந்தது. அபியிடம் "படிக்கிறியே" என்று கேட்பதைக்கூட மறந்துவிட்டார். "அப்பப்பாவுக்கு என்னில கோபமா?" என்று அவளே ஒருநாள் வந்து என்னிடம் கேட்டாள். நேராக அவரிடம் கேட்க அவளுக்கு வரவில்லை.

6

ஒரு சனிக்கிழமை நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டு நின்றேன். மாமா வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பசிக்கிறதாக்கும் என்று நினைத்து என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லைப் பிள்ளை. என்னை இன்னொருக்கா ஆஸ்பத்திரியில மறிச்சா நல்லம்."

"ஏன் மாமா, என்ன செய்யுது?" என் கையில் இருந்த கத்தியை வைத்துவிட்டேன்.

"ஒண்டும் செய்யேல்லை. மறிச்சா ஆக்கள் வருவினம்."

சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டார். வெங்காயம் உரித்தபடியால் அழுததைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லத் தேவையிருக்கவில்லை. நானும் என் கணவரும் அபியும் கிளினிக்கும் சேர்ந்து இந்த மனுசனுடைய மூச்சை மட்டும் காப்பாற்றி வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் என்று எனக்குப் பட்டது.

அன்று பின்னேரம் ஸ்ட்ரெதத்துப் பொன்னையா அண்ணைக்கு ரெலிபோன் எடுத்தேன். மாமாவின் தபால்கந்தோரில் பெடியனாகச் சேர்ந்து வேலை பழகியவர், முதலெல்லாம் கிழமை தவறாமல் வந்தவர்.

"அண்ணை, மாமாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை."

"ஐயோ, திரும்ப மறிச்சுப் போட்டாங்களே?"

"இல்லை, வீட்டிலதான். வந்து பார்த்தியளெண்டால் நல்லம். மற்ற ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ. மத்தியானத்துக்குப் பிறகு வாங்கோ. தேத்தண்ணி தருவன்."

கணவர் பின்னால் நின்று கேட்டுவிட்டார். "சுகமா இருக்கிற மனுசனைச் சுகமில்லையெண்டு வாயால சொல்லுறீரே. பலிச்சுதெண்டால்?"

"பலிக்காது. காலமைக் குளிசையை நான்தானே குடுக்கிறன்" என்றேன். வாய்தான் அப்படிச் சொன்னது. உள்ளுக்குள் எனக்கும் பயம்தான், சுவாமிப் படத்தடியில் போய் இரண்டு நிமிடம் நின்றேன். பலிக்கவில்லை என்பதை இப்போது துணிவாக எழுதலாம். அதற்குப் பிறகு மாமாவை ஒருதரமும் மறிக்கவில்லை. சில வருடம் கழித்து எங்கள் வீட்டில், நித்திரையில்தான் போனார். அன்றைக்கு எனக்கு அதெல்லாம் தெரியாதே.

அபியைக் கூப்பிட்டு, இனி யார் கேட்டாலும் ஃபைன் என்று சொல்லக்கூடாது என்றேன்.

"ஸோ, பொய் சொல்லோணும்?"

"ஓம்."

அவளுக்கு இது நன்றாகப் பிடித்துவிட்டது. தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, படிகளில் ஏறி இறங்கி, "அப்பப்பாவுக்குச் சுகமில்லை அன்ரி, வந்து பாருங்கோ" என்று பாடமாக்கினாள். அவள் வாயால் முழுதாக ஒரு தமிழ் வசனம் கேட்டு எவ்வளவு காலம்! அன்று இரவுக்குள் அதை நாலைந்து பேருக்குச் சொல்லியும்விட்டாள்.

மாமாவுக்கு மட்டும் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிறு விடியக் குளிசை கொடுத்தேன். பதினொரு மணிபோல வேட்டியை எடுத்துக் கட்டில் மேல் வைத்து, ஆட்கள் வருகினமாம் என்று மட்டும் சொன்னேன். ஏன் எதற்கு என்று அவர் கேட்கவில்லை. சவரக் கத்தியைத் தேடத் தொடங்கிவிட்டார்.

இரண்டு மணிக்கு வாசல் மணி அடித்தது. பொன்னையா அண்ணை, அவர் மனைவி, பிறகு சட்டன் ஆட்கள், பிறகு இன்னொரு குடும்பம். ஹோலில் கதிரை காணாமல் அபி மேலிருந்து தன் கதிரையையும் இறக்கினாள். நான் எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தேன். மாமாவுக்குத் தடித்த பெரிய மக் ஒன்றில், அடியில் இரண்டு மிடறு மட்டும். அவர் எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக்கொண்டார். மற்றவர்கள் குடிக்கும்போதெல்லாம் தானும் மக்கைத் தூக்கி உதட்டில் வைத்து, ஆறுதலாக இறக்கினார். ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. மருமகள் வில்லங்கமாம் என்று கதை பரப்பியவரும் இரண்டாம் கோப்பை வாங்கிக் குடித்தார்.

அப்போதுதான் பொன்னையா அண்ணை கதிரையை முன்னுக்கு இழுத்து, குரலைத் தாழ்த்தி, "ஐயா, இப்ப உங்களுக்கு என்ன மாதிரி?" என்று கேட்டார்.

இதை யோசிக்கவே இல்லையே! சிஸ்டருக்குச் சொல்லும் "யெஸ்" தவிர, மாமா பொய் சொல்லத் தெரியாத மனுசன். சுகமாய் இருக்கிறன் என்று சொல்லிவிட்டால் அவ்வளவுதான், அடுத்த ஞாயிறு ஒருவரும் வரமாட்டார்கள். குசினி வாசலில் தட்டத்தோடு அப்படியே நின்றேன். படியில் இருந்த அபியும் என்னைப் பார்த்தாள்.

மாமா மேசையில் இருந்த முந்திரிகைப்பழத்தைப் பார்த்தார். புது ஹோர்லிக்ஸ் போத்தல்களைப் பார்த்தார். சுற்றி இருந்த முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்து கடைசியில் என்னில் கண்ணை நிறுத்தினார். பிறகு கதிரையில் நன்றாகச் சாய்ந்து, நெஞ்சில் கையை வைத்தார்.

"ஏலாமத்தான் கிடக்குது, தம்பி" என்றார். "நெடுக வந்து பாருங்கோ."